இரண்டாம் பலகையின் இடம்

இஞ்ஞாசிக்கு நீச்சல் தெரியாது. அறுபத்து மூன்று வயதில் இனிமேல் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. கடற்கரைக்குப் போனால்கூட அலைக்கும் தனக்கும் நடுவில் மனைவி பிலோமினம்மாளை நிற்க வைத்துக்கொள்வார். ஜாலான் புசாருக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு அவரையே வெள்ளப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. தண்ணீருக்குப் பயப்படாதவன் எதற்கு வாசலை அடைக்கப் போகிறான்?

தேர்ந்தெடுத்தார்கள் என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். பதினோரு வருடத்துக்கு முன் கடைக்காரர்கள் கூட்டத்தில் "இதுக்கு யாராவது ஒருத்தர்?" என்று கேட்டபோது எல்லாரும் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கட்டடப் பராமரிப்பாளரான இஞ்ஞாசி நாற்காலி போட வந்தவர். அறையில் நிமிர்ந்திருந்த ஒரே தலை அவருடையது. பதவியோடு ஓர் ஆரஞ்சு மேலங்கி, ஒரு விசில், மூன்று அலுமினியப் பலகைகள் வந்து சேர்ந்தன. அன்று மாலை உட்லண்ட்ஸ் வீட்டில் மேலங்கியைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார். "ரோடு போடற வேலையா?" என்று பிலோமினம்மாள் கேட்டார்.

பலகைகள் எதற்கென்றால், அந்தக் கட்டடத்துக்குத் தெருவிலிருந்து கீழே ஒன்பது படி இறங்கும் ஒரு தளம் உண்டு. அதில் கமலத்தின் தையல் பட்டறை. ஏழு மிஷின்கள், மேசையோடு தரையில் முடுக்கியவை. ஏழின் மோட்டாரும் முழங்காலுக்குக் கீழே. ஒரு சாண் தண்ணீர் உள்ளே வந்தால் போதும், கமலம் தொழிலை மூடிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். படி தொடங்கும் வாசலின் இரண்டு பக்கமும் இரும்புத் தடம் இருக்கிறது. மழை மிரட்டினால் மூன்று பலகைகளையும் மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தடத்தில் இறக்க வேண்டும். பழைய கட்டடம் என்பதால் தடம் நேராக இல்லை. மேலே போகப் போக ஒரு நூல், அரை நூல் என்று விரிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு பலகையும் அதனதன் இடத்துக்கென்றே வெட்டப்பட்டது. வரிசை முக்கியம்.

பலகைகளோடு வந்த ஆங்கில ஒட்டுச்சீட்டுகள் முதல் வருடமே உரிந்துவிட்டன. அது இஞ்ஞாசி தமிழ் எண்களைக் கற்றிருந்த சமயம். நூலகத்தில் இரண்டு மணி நேரப் பட்டறை ஒன்று நடந்தது. வந்த முப்பத்தைந்து பேரில் முப்பத்துநான்கு பேர் தேநீர் குடித்துவிட்டு எண்களை மறந்தார்கள். இஞ்ஞாசி மறக்கவில்லை. மின்தூக்கிக்கு எதிரே மாடி எண்களைத் தமிழில் எழுதி ஒட்டினார். உணவு கொண்டுவந்த பையன்கள் மூன்று நாள் கட்டடத்துக்குள் மேலும் கீழும் அலைந்து, ஆறிய மீ கோரெங் நூடுல்ஸோடு தரைத்தளத்தில் வந்து நின்றார்கள். நிர்வாகம் சீட்டுகளைக் கிழித்தது. பலகைகளை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவற்றில் நினைவிலிருந்தே வரிசை பிடித்து, கறுப்புச் சாயத்தில் எழுதினார்: ௧, ௨, ௩.

ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கும். ௧ ஒழுங்காக இறங்கும். ௨ பாதியில் முரண்டு பிடிக்கும். சுத்தியலால் தட்டி இறக்குவார். ௩ மேலே ஆடிக்கொண்டே நிற்கும். இடுக்கில் 'குட் மார்னிங்' என்று அச்சிட்ட துண்டு ஒன்றைத் திணிப்பார். சுத்தியலும் துண்டும் காலப்போக்கில் சாதனப் பட்டியலிலேயே ஏறிவிட்டன. "இதெல்லாம் பலகையோட சுபாவம்" என்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு விளக்குவார். வெள்ளம் மட்டும் ஒரு வருடமும் வரவில்லை. அதில் அவருக்குச் சந்தோஷம். சற்று வருத்தமும்தான்; ஆனால் அதைப் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் நடைவழிக்குச் சாயம் அடித்தபோது பலகைகளை வெளியே எடுத்து வைத்தார்கள். திரும்ப வைத்தபோது இரண்டுதான் இருந்தன. ௨ காணோம். மூன்றும் இல்லாமல் ஒத்திகை கிடையாது என்பது விதி. ஆகவே அதன்பின் ஒத்திகையும் இல்லை. இஞ்ஞாசி மாதம் ஒரு கடிதம் எழுதினார். "வரும்" என்று நிர்வாகம் பதில் சொன்னது.

வந்தது மழை. நவம்பர் கடைசி வாரம், வியாழக்கிழமை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் சுழல்வது அபூர்வம் என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். இந்தப் புயல் பள்ளிக்குப் போனதாகத் தெரியவில்லை. நீரிணைப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு தீவின் மேல் மேகத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்குத் தொடங்கிய மழை ஒன்றரைக்குத் தெருவின் மறுபக்கத்தை மறைத்தது. திடீர் வெள்ள எச்சரிக்கை கைப்பேசிகளில் அடுத்தடுத்துக் கூவியது. மூன்றரைக்குக் கடல் ஏற்றம். அந்த நேரம் பார்த்து மழை குறையாமல் இருந்தால் வாய்க்கால் தண்ணீர் போக இடமின்றித் தெருவுக்கு வரும்.

இஞ்ஞாசி மேலங்கியை மாட்டினார். பதினோரு வருடத்தில் அவர் சுருங்கியிருந்தார், மேலங்கி சுருங்கவில்லை. முதலில் கீழ்த்தளத்தின் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு விசிலை ஊத, உள்ளிருந்து ஒரு காய்ந்த பூச்சி மட்டும் வெளியே வந்தது. இரண்டாவது ஊதலில் சத்தம் வந்தது.

"எல்லாரும் மேல. துணி மேல. மிஷினைத் தொடாதீங்க."

கமலமும் மூன்று தையல்காரப் பெண்களும் துணிகளை அள்ளிக்கொண்டு ஏறினார்கள். அவற்றில் பிலோமினம்மாள் தலைமை தாங்கும் கோவில் பாடகர் குழுவின் கிறிஸ்மஸ் ரவிக்கைகள் நாற்பத்திரண்டு இருந்தன.

"ஆளு மேல வந்தாச்சு, துணி மேல வந்தாச்சு. மிஷின்?" என்றார் கமலம்.

"மிஷினுக்குத்தான் பலகை."

"எத்தனை பலகை இருக்குண்ணே?"

"மூணு."

"கண்ணுக்குத் தெரியறது?"

"ரெண்டு."

கமலம் அவரைப் பார்த்தார். "ரெண்டு போதாதா?"

"வெறும் தண்ணின்னா போதும். ஒரு லாரி போனா அலை வரும், அலைக்கு மூணாவது வேணும். அதோட ரெண்டாவது இல்லாம மூணாவதை மாட்ட முடியாது. வரிசை."

"வரிசை பார்க்கற நேரமா இது?"

"வரிசை பார்க்கறதுக்குத்தாம்மா நம்பர்."

௧-ஐ மட்டும் தடத்தில் இறக்கிவிட்டு, ௨-க்குப் பதிலாக ஒரு தடித்த ஒட்டுப்பலகையை வெட்டி வைக்கலாம் என்று இஞ்ஞாசி தரைத்தளத்துக் கடைக்கு ஓடினார். அது தெருவைவிட நான்கு படி உயரத்தில் இருக்கும், பூட்டும் பெயின்ட்டும் விற்கும் பரமசிவத்தின் வன்பொருள் கடை. பரமசிவத்துக்கு எழுபது வயது. சுவா சூ காங்கிலிருந்து தினமும் முதல் ஆளாக வந்து கடை திறப்பவர். இருவரும் பதினோரு வருடமாக வாசலில் நின்று பேசிக்கொள்கிறவர்கள். இஞ்ஞாசி கடையின் உள்பக்கம் போனது இரண்டே தடவை. இரண்டும் பரமசிவம் சூடம் காட்டி, புகையெச்சரிக்கை மணி கத்தியபோது அதை நிறுத்துவதற்கு. அப்போது அவர் பார்த்ததெல்லாம் மேற்கூரையைத்தான்.

இன்று தரைமட்டத்தில் பார்த்தார். பிள்ளையார் படம் ஒரு பலகையின்மேல் சாய்ந்து நின்றது. பலகைக்குச் சந்தனம், குங்குமம், கனகாம்பர மாலை. மாலைக்குக் கீழே ஓரமாகக் கறுப்பு ரப்பர் விளிம்பு தெரிந்தது.

"பரமசிவம், இந்தப் பலகை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலையே. அதா வந்துச்சு."

"எங்கேருந்து?"

"நாலு வருஷம் ஆச்சு. காலைல கடை தொறக்க வர்றேன், நேரா என் கதவுல சாஞ்சு நிக்குது, பிள்ளையார் சுழியோட. வேற யார் கதவுலயும் சாயலை, பார்த்துக்குங்க. அன்னைக்குலேருந்து யாவாரம் ஏறுமுகம்."

இஞ்ஞாசி மாலையை மெல்ல விலக்கினார். கறுப்புச் சாயத்தில் அவருடைய எழுத்து. சுழித்து, வளைத்து, வாலை நீட்டி. நூலகப் பட்டறையில் பாராட்டு வாங்கிய வால்.

"இது பிள்ளையார் சுழி இல்ல. ரெண்டு."

"எது ரெண்டு?"

"இதுதான். தமிழ் ரெண்டு."

"ரெண்டுன்னா ரெண்டு மாதிரி இருக்கும் லா."

"அது இங்கிலீஷ் ரெண்டு."

"இஞ்ஞாசி, நான் எழுவது வருஷமாத் தமிழன். எனக்குத் தெரியாத ரெண்டா?"

"நான் எழுதினது, பரமசிவம். இந்தக் கையால."

பரமசிவம் அந்தக் கையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு அங்கிருந்த பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாலு வருஷமா உங்க கையெழுத்துக்கா சூடம் காட்டினேன்?"

"நான்தானே வந்து அலாரத்தை நிறுத்தினேன். கணக்குச் சரியாப் போச்சு."

"நீங்க வேதக்காரர் வேற."

"வேதக்காரன் ரெண்டு எழுதக்கூடாதா?"

இதைக் கேட்டுப் பரமசிவம் சிரிக்க வாயெடுத்தார். ஏதோ ஒன்று தடுத்தது. பலகையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எழுதினது நீங்கதான், ஒத்துக்கறேன், ஆனா எழுத வச்சது யாரு என்றார். இது வாதமா பக்தியா என்று பிரித்துச் சொல்ல முடியாத கேள்வி. இஞ்ஞாசி திருச்சபையின் நிலைப்பாட்டை விளக்க வாய் திறந்தபோது கமலம் நனைந்த தலையோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, வாய்க்கா நிரம்பிடுச்சு. தெருவுக்கு வருது. ஒண்ணாம் பலகையில பாதி. நீங்க ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"இவர் பிள்ளையாரைத் தண்ணியில வைக்கணுங்கறார்" என்றார் பரமசிவம்.

பலகையைப் பார்த்ததும் கமலத்துக்கு விஷயம் விளங்கியது. "ஐயா, நானும் கும்பிடறவதான். சதுர்த்தி முடிஞ்சா அவரைக் கரைக்கறதே தண்ணியிலதானே?"

"அது மண்ணுப் பிள்ளையார். இது அலுமினியம்."

"அலுமினியம்னா கரையாது. இன்னும் நல்லது. கீழ ஏழு மிஷின் இருக்குய்யா."

பரமசிவம் வாசல்வரை போய் மழையை எட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு வியாபாரியின் தெளிவு வந்தது. "சரி, தர்றேன். ஒரு கண்டிஷன். பிள்ளையார் சுழி எப்பவும் மேலதான் இருக்கணும். எந்தக் காகிதத்துலயாவது நடுவுல சுழி போட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"அது ரெண்டு. ரெண்டு நடுவுலதான் வரும். மாத்தினா சேராது" என்றார் இஞ்ஞாசி.

"அப்ப பலகை இங்கயே இருக்கட்டும்."

"அண்ணே" என்றார் கமலம். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல்லில் ஏழு மிஷினும் இருந்தன.

இஞ்ஞாசி தோற்றார். வரிசையை மீறி ஒரு காரியம் செய்வது அவருக்கு இது முதல் தடவை. சுத்தியலையும் துண்டையும் எடுத்துக்கொண்டார். இந்த வரிசைக்கு எப்படியும் இரண்டு துண்டு வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பரமசிவம் படத்தை இறக்கி வைத்து, பலகையின் சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்தார். சுழிக்குப் பக்கத்தில், பழைய சீட்டின் பசைத் தடத்தில், குறுக்கே ஒரு கோடும் நெடுக ஒரு கோடும் வெளிவந்தன.

"இது என்ன, சிலுவையும் போட்டு வச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் போடலை. சீக்கிரம் வாங்க."

வாசலில் ௧ ஏறக்குறைய மூழ்கியிருந்தது. தெரு ஆறாகிவிட்டது, ஒரு நீல நிறச் செருப்பு யாரையும் எதிர்பாராமல் தனியாக ஜாலான் புசார் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மூவரும் உள்பக்கம் மேல்படியில் நின்றார்கள். இஞ்ஞாசி ௩-ஐத் தூக்கித் தடத்தில் வைத்து, சுத்தியலுக்குக் கையை நீட்டினார்.

பலகை இறங்கிவிட்டது.

தானாக. வெண்ணெயில் கத்தி போல, சத்தமே இல்லாமல் ௧-இன் மேல் போய் உட்கார்ந்தது. ரப்பர் ரப்பரைக் கவ்வியது. இஞ்ஞாசி கையை நீட்டியபடியே நின்றார். பரமசிவம் ௨-ஐக் கொடுத்தார். அதுவும் இறங்கியது. ஆடவில்லை. இடுக்கு இல்லை. துண்டைத் திணிக்க விரல் நுழையும் இடம்கூட இல்லை.

"சேராதுன்னீங்களே" என்றார் பரமசிவம்.

இஞ்ஞாசி பலகைக்கு மேலாக வெளிப்பக்கம் குனிந்தார். பசைத் தடத்தில் இருந்த அந்தச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சிலுவை இல்லை. ஆங்கில 'டி'. 'டாப்' என்ற சொல்லின் முதல் எழுத்து. மேல் பலகை. நினைவிலிருந்து எண் எழுதிய அன்றே இரண்டையும் மூன்றையும் மாற்றி எழுதியிருக்கிறார். ஏழு வருட ஒத்திகை, ஏழு வருடச் சுத்தியல், ஏழு வருடத் துண்டு. பலகையின் சுபாவம் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பார்.

கைப்பேசி அடித்தது. பிலோமினம்மாள்.

"ஏங்க, ரவிக்கை மேல ஏத்தியாச்சா?"

"ஆச்சு."

"நீங்க எங்க?"

"வாசல்ல."

"நீச்சல் தெரியாத ஆளு வாசல்ல என்ன பண்றீங்க?"

"தண்ணி வெளிய இருக்கு, பிலோமி. நான் உள்ள இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே உறைத்தது. வெளியே தண்ணீர் ௩-இல் பாதிக்கு மேல் நின்றது. உள்ளே படிகள் காய்ந்து கிடந்தன. இடுப்பருகே தெருவையே தாங்கிக்கொண்டு மூன்று பலகைகள் நிற்க, தண்ணீருக்குப் பயந்த மனிதர் அதற்கு அரை அடி இந்தப் பக்கத்தில் நின்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார்; விசில் வாயில் இருந்ததால் சிரிப்பெல்லாம் விசிலாக வந்தது. கமலம் சிரிக்க ஆரம்பித்தார். தையல்காரப் பெண்கள் மாடிப்படியில் நாற்பத்திரண்டு ரவிக்கைகளை அணைத்தபடி என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

எதிரே உள்ள சின்ன ஹோட்டலிலிருந்து ஒருவர் குடையும் கைப்பேசியுமாகத் தண்ணீரில் இறங்கினார், படம் எடுக்க. இஞ்ஞாசி இப்போது நிஜமாகவே விசிலை ஊதினார்.

"சார், வாய்க்கா எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்கு உங்களைத் தெரியும். மேல ஏறுங்க."

அவருக்குத் தமிழ் புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஏறிவிட்டார். மேலங்கிக்கு அப்படி ஒரு மொழி உண்டு.

சரியாக அப்போதுதான் அந்த லாரி வந்தது. ஓட்டக் கூடாத தெருவில், ஓட்டக் கூடாத வேகத்தில். அது தள்ளிய தண்ணீர் எழும்பி நேராக வாசலுக்கு வந்தது. கமலம் கண்ணை மூடிக்கொண்டார். அலை ௩-ஐத் தாண்டி ஏறி, ௨-இன்மேல் பட்டென்று அறைந்து, சுழியெல்லாம் வழிந்து, வந்த வழியே திரும்பியது. உள்ளே தெறித்தது ஏழெட்டுச் சொட்டு. அவை பரமசிவத்தின் சட்டையில் விழுந்தன.

பரமசிவம் நனைந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அபிஷேகம் ஆயிடுச்சு" என்றார் பரமசிவம்.

கமலம் ஒன்பது படியும் இறங்கிப் போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு மிஷினின் மோட்டாருக்குக் கீழும் கையை வைத்துப் பார்த்தார். ஏழாவதுக்குப் பிறகு அதன் மேசையிலேயே சாய்ந்துகொண்டார். மேலே ஏறி வந்தபோது இஞ்ஞாசியின் கையிலிருந்த குட் மார்னிங் துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார். பதினோரு வருடத்தில் அந்தத் துண்டு செய்த முதல் உருப்படியான வேலை அது.

நாலேகால் மணிக்கு மழை வெறித்தது. ஐந்துக்குத் தெரு தெருவாகத் திரும்பி வந்தது.

மறுநாள் காலை இஞ்ஞாசி தின்னரும் தூரிகையும் எடுத்துக்கொண்டு பலகைகளின் முன்னால் உட்கார்ந்தார். ௨-ஐ அழித்து ௩ என்றும், ௩-ஐ அழித்து ௨ என்றும் எழுதிவிட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. பரமசிவம் அந்தப் பக்கமாக வந்தார். ஒரு பூட்டைத் தேடுவது போல நின்றார். கையில் புதுக் கனகாம்பரம்.

"அழிக்கப் போறீங்களா?"

"தப்பா எழுதியிருக்கு, பரமசிவம். தப்பைத் திருத்தணும்."

"திருத்துங்க. உங்க எழுத்து, உங்க உரிமை." பூட்டை இன்னும் தேடினார். "ஆனா தப்பா எழுதின வரிசையில மாட்டினப்பதான் சேரலை. சுழியை மேல வச்சதும் சேர்ந்துச்சு. நான் வேற ஒண்ணும் சொல்லலை."

இஞ்ஞாசி தூரிகையைத் தின்னரில் நனைத்தார். சொட்டும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு தவறை அழித்தால் இரண்டு பேருடைய நம்பிக்கை போகும் என்று பட்டது. ஒருவருக்குப் பிள்ளையார். இன்னொருவருக்கு, தன் கையால் நீட்டிய அந்த வால்.

டப்பாவை மூடினார்.

அன்று மத்தியானம் கீழ்த்தள வாசலில் புதிய அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. ஆங்கிலத்தில் ஒன்று, மூன்று, இரண்டு என்று மட்டும் இருந்தது. படித்தவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டார்கள். தமிழில் இஞ்ஞாசி தம் கைப்பட முழுதாக எழுதியிருந்தார்:

"வெள்ள எச்சரிக்கை வந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்தவும். ஆட்கள் மேலே போகவும். பிறகு பலகைகளைக் கீழிருந்து மேலாக இப்படி இறக்கவும்: ஒன்று, மூன்று, பிள்ளையார். பிள்ளையார் பலகை பரமசிவம் கடையில் பூசையில் இருக்கும். கேட்டு வாங்கவும். சுத்தியல் தேவையில்லை."